வீட்டுத் தையலும் ஆடைச் சுவையும் - ஒரு வரலாற்று நோக்கு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றையும் மனிதனின் அடிப்படைத் தேவைகளாகக் கூறுவது மரபு. இவற்றுள் உடை பற்றிய வரலாற்றாய்வு ஏனைய இரண்டையும் நோக்கப் பிந்தியே வளர்ச்சியடைந்தது. அவ்வாறு வளர்ந்தபோதும் அது மன்னரின் அங்கிகளையும் உயர்குடிப் பெண்டிரின் பட்டாடைகளையும் பாரிஸ் நகரத்து ஆடையமைப்பாளரின் புகழையுமே பெரிதும் பேசிற்று. தமக்கு வேண்டிய ஆடையைத் தாமே தெரிந்து, தாமே வெட்டி, தாமே தைத்தோ பின்னியோ அணிந்த சாதாரண மக்களின், சிறப்பாகப் பெண்களின், சுவையுணர்வு நெடுங்காலம் வரலாற்றுக்குரிய பொருளாகக் கொள்ளப்படவில்லை. அது வீட்டு வேலையின் ஒரு கூறாகவோ ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவோ கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது. ஆயினும், ஆடையைத் தேரும் மனமும் அதனைச் செய்யும் கையும் ஒருவரிடத்தே ஒன்றுசேர்வதும் பின்னர் பிரிவதும் கடந்த இரண்டரை நூற்றாண்டுச் சமூக வரலாற்றின் முக்கியமான திருப்பங்களோடு தொடர்புடையன என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

ஆடைச் சுவை எங்கிருந்து பிறக்கிறது என்ற வினாவுக்குச் சமூகவியலாளர் அளித்த விடைகளுள் இரண்டு பெரும் செல்வாக்குப் பெற்றன. 1899இல் வெளிவந்த தமது நூலில் தோர்ஸ்டீன் வெப்லென், ஓய்வுடைய வகுப்பினர் தமது செல்வத்தைப் பிறருக்குக் காட்டும் சாதனமாகவே உடையைக் கையாளுகின்றனர் என வாதிட்டார். சில ஆண்டுகளின் பின், 1904இல், ஜேர்மானிய அறிஞர் கேயோர்க் சிமெல், மேல்வகுப்பினரைக் கீழ்வகுப்பினர் பின்பற்றுவதும், பின்பற்றப்பட்டதும் மேல்வகுப்பினர் அவ்வுடையைக் கைவிட்டுப் புதியதொன்றை நாடுவதுமே புதுப்பாணியின் இயக்கவிதி என்றார். இரு கொள்கைகளிலும் உண்மையுண்டு. ஆனால் இரண்டிலும் சாதாரண மனிதர் வெறும் பின்பற்றுவோராகவே தோன்றுகின்றனர். மேலிருந்து வந்த பாணியை அவர்கள் எவ்வாறு தெரிந்தெடுத்தனர், எதனை ஏற்று எதனைத் தள்ளினர், தமது உடலுக்கும் பணப்பைக்கும் ஏற்ப எவ்வாறு மாற்றினர் என்பன அக்கொள்கைகளின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இவ்வினாக்களுக்கு விடைகாண வேண்டுமாயின் கோட்பாட்டை விட்டுச் சான்றுகளுக்குச் செல்லுதல் வேண்டும்.

அத்தகைய சான்றுகளுள் அரியதொன்று இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் பேணப்படுகிறது. பார்பரா ஜோன்சன் என்பார் 1738இல் பிறந்து 1825இல் காலமான ஆங்கிலப் பெண்மணி. கிராமப் பங்கொன்றின் மதகுருவின் மகள். இறுதிவரை மணம் செய்யாது வாழ்ந்தவர். தமது எட்டாவது வயதில், அதாவது 1746இல், அவர் பெயரிலே தொடங்கப்பெற்ற ஏடு 1823வரை தொடர்ந்தது. பழைய கணக்குப் புத்தகமொன்றே அவ்வேடாக அமைந்தது. தாம் புதிதாகச் செய்வித்த ஒவ்வோர் ஆடையின் துணியிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி அதிலே ஒட்டி, அதனருகே ஆடையின் வகை, துணியின் அளவு, கெசமொன்றின் விலை, ஆண்டு என்பவற்றை எழுதிவைத்தார். உறவினரோ அரச குடும்பத்தினரோ இறந்தபோது அணிந்த துக்க உடைகளும் அதிலே பதிவுபெற்றுள்ளன. பெண்களுக்கென ஆண்டுதோறும் வெளிவந்த சிறு குறிப்பேடுகளில் அச்சிடப்பட்ட புதுப்பாணிப் படங்களையும் அவர் வெட்டி அதே ஏட்டில் ஒட்டினார். நூற்றுக்கு மேற்பட்ட துணித்துண்டுகளைக் கொண்ட இவ்வேடு 1987இல் நதாலி ரொத்ஸ்ரைன் என்ற துணி வரலாற்றறிஞரால் பதிப்பிக்கப்பட்டது.

இவ்வேட்டின் சிறப்பு யாது? அச்சுப்படம் காலத்தின் பொதுப்போக்கைக் காட்டுகிறது. துணித்துண்டு ஒருவர் உண்மையிலே தெரிந்ததைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே ஏட்டில் இருப்பதனால், பொதுப்போக்குக்கும் தனிச்சுவைக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்தறியும் வாய்ப்பு ஏற்படுகிறது. அக்காலத்தில் ஆடை பெரும்பாலும் ஆயத்தமாக விற்கப்படவில்லை. துணியைக் கெசக் கணக்கில் வாங்கி ஆடை தைக்கும் பெண்ணிடம் கொடுப்பதே வழக்கம். துணியின் விலையே ஆடைச் செலவின் பெரும்பகுதியாகவும் தைப்போர் கூலி அதன் சிறுபகுதியாகவும் இருந்தன. ஆகவே சுவையைச் செலுத்தும் இடம் துணிக்கடையாயிற்று. துணியைத் தேர்பவர் ஒருவர், அதனை வெட்டித் தைப்பவர் வேறொருவர் என்ற பிரிவு அங்குக் காணப்பட்டது. பார்பரா ஜோன்சனின் பெயரும் சுவையும் இன்று அறியப்படுகின்றன. அவருக்காக ஊசி பிடித்த பெண்கள் பெயரற்றுப் போயினர்.

தனிச்சுவை என்பது தனித்து இயங்குவதுமன்று. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற அச்சுப் பருத்தித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துப் பெண்களின் உள்ளத்தைக் கவர்ந்தன. அவை கழுவினும் நிறம் மங்காதவை, பட்டிலும் மலிவானவை. உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர் இதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். 1721இல் நிறைவேறிய சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை அணிவதையே குற்றமாக்கிற்று. 1774வரை அத்தடை நீடித்தது. பார்பரா ஜோன்சன் தமது ஏட்டைத் தொடங்கியபோது அச்சட்டம் நடைமுறையிலிருந்தது. ஒரு பெண் எதை விரும்பி அணிகிறாள் என்பது பாராளுமன்றத்தின் அலுவலாயிற்று என்பதே ஆடைச் சுவை அற்ப விடயமன்று என்பதற்குப் போதிய சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. கைத்தொழிற்புரட்சி நூற்றலையும் நெசவையும் ஆலைக்குள் கொண்டுசென்று பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும் தையல் கையிலேயே தங்கியிருந்தது. துணி மலிந்தது, தைப்போர் வறுமை மலியவில்லை. இலண்டன் தையற்பெண்களின் அவலத்தைப் பாடிய தோமஸ் ஹூட்டின் கவிதை 1843இல் ‘பஞ்ச்’ இதழில் வெளிவந்து நாடெங்கும் அதிர்வை ஏற்படுத்திற்று. பிரான்சில் பார்த்தெலெமி திமோனியே 1830இல் தையல் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். இராணுவச் சீருடை தைத்த அவரது பட்டறையைத் தமது பிழைப்புப் போய்விடுமென அஞ்சிய தையற்காரர் அடித்து நொறுக்கினர். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846 செப்டெம்பர் 10இலும், ஐசாக் மெரிற் சிங்கர் 1851 ஓகஸ்ட் 12இலும் உரிமங்களைப் பெற்றனர். கையால் 14 மணி நேரத்துக்கு மேல் எடுத்த ஆண்களின் சட்டையொன்றை இயந்திரத்தால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் தைத்து முடிக்கலாமென அக்கால இயந்திர உற்பத்தியாளர் கணக்குக் காட்டினர்.

ஆயினும் இயந்திரத்தின் விலை சாதாரண குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டதாயிருந்தது. 1856இல் சிங்கரின் பங்காளியான எட்வேட் கிளார்க் புகுத்திய வாடகைக் கொள்வனவு முறை இத்தடையை நீக்கிற்று. சிறுதொகையை முற்பணமாகச் செலுத்தி இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று, மாதந்தோறும் தவணை கட்டுவதே அம்முறையாகும். சிங்கர் நிறுவனம் இலங்கையில் 1877இல் தன் வணிகத்தைத் தொடங்கியது. எனினும் இந்நாட்டிலே தையல் அதனுடன் வந்ததன்று. பொத்தான், ரேந்தை, மேசு, சப்பாத்து முதலான போர்த்துக்கேய வழிச்சொற்கள் ஈழத்துப் பேச்சு வழக்கில் நிலைபெற்றிருப்பது உடை மாற்றத்தின் முற்பட்ட அடுக்கொன்றைக் காட்டுகிறது. 1824இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் எழுத்து வாசிப்புடன் ஊசி வேலையும் கற்பிக்கப்பட்டது. இயந்திரம் வந்தபோது அதனை ஏற்றுக்கொள்ளும் கைகள் ஓரளவு பழக்கப்பட்டிருந்தன எனலாம்.

இயந்திரம் தைக்கும் வேகத்தைக் கூட்டியதேயன்றி வெட்டும் அறிவை வழங்கவில்லை. தட்டையான துணியை வளைவுடைய உடலுக்கேற்ப வெட்டுவதே தையற்கலையின் உயிர்நிலை. கைக்குழியின் வளைவு சற்றுப் பிழைத்தால் கையை உயர்த்தும்போது முழு ஆடையும் மேலெழும். தோளின் சரிவு பிழைத்தால் கழுத்து இழுபடும். இவ்வறிவு தையற்காரரின் தொழில் இரகசியமாகப் பரம்பரை பரம்பரையாகப் பேணப்பட்டது. அதனை வீட்டுப் பெண்ணின் கைக்குக் கொண்டுவந்தது கடதாசி மாதிரியாகும். நியூயோர்க்கில் எலன் டிமொரெஸ்ற் என்ற பெண்மணி 1860இல் புதுப்பாணி இதழொன்றைத் தொடங்கி அதன்வழி கடதாசி மாதிரிகளைப் பரப்பினார். மசச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்ரேர்லிங் என்ற சிற்றூரின் தையற்காரரான எபினேசர் பட்டரிக் 1863இல், ஒரே ஆடையைப் பல அளவுகளில் தரப்படுத்திய மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அவ்வெண்ணத்தை அவருக்கு முதலில் எழுப்பியவர் அவர் மனைவி எலன் என்பது வழிவழி வரும் செய்தி. குழந்தையின் ஆடைக்கு அளவு மாறுந்தோறும் புதிதாக வெட்டுக் கோடு வரையவேண்டியிருந்த தொல்லையே அதற்குக் காரணமாம். 1873இல் பட்டரிக் நிறுவனம் தொடங்கிய இதழ் 1937வரை வெளிவந்தது.

தொடக்ககால மாதிரிகளில் எழுத்தோ கோடோ இல்லை. மெல்லிய கடதாசியில் இட்ட துளைகளும் வெட்டுக்குறிகளுமே வழிகாட்டின. துளை எதைக் குறிக்கிறது, எந்த ஓரம் எந்த ஓரத்தோடு பொருந்தும் என்பதைத் தைப்பவரே உய்த்துணர வேண்டியிருந்தது. 1920ஆம் ஆண்டளவில் மக்கோல் நிறுவனம் கோடும் விளக்கமும் கடதாசியிலேயே அச்சிட்ட மாதிரிகளை வெளியிட்டது. இவற்றின் விளைவு இருவகைத்து. ஒருபுறம், பாரிஸிலும் நியூயோர்க்கிலும் உருவான வடிவங்கள் அமெரிக்கப் பண்ணை வீட்டுக்கும் சுரங்கத் தொழிலாளியின் குடிசைக்கும் சென்றடைந்தன. உடையைக் கண்டு வகுப்பைத் துணியும் பழைய வழக்கம் தளர்ந்தது. மறுபுறம், கோடிக்கணக்கான பெண்கள் ஒரே கடதாசியை வைத்து வெட்டத் தொடங்கினர். இது சுவையின் விடுதலையா அன்றிச் சுவையின் சீருடையா என்ற வினா எழுவது இயல்பே. ஆனால் மாதிரி, துணியையோ நிறத்தையோ பொத்தானையோ விதிப்பதில்லை. ஒரே மாதிரியைக் கொண்டு ஒருத்தி கறுப்புக் கம்பளியிலும் இன்னொருத்தி பூவிட்ட பருத்தியிலும் தைத்தாள். ஒன்றின் கையையும் இன்னொன்றின் கழுத்தையும் சேர்த்து மூன்றாவதொன்றை ஆக்கியவர்களும் உளர். பார்பரா ஜோன்சன் காலத்திற் பிரிந்துநின்ற தேரும் மனமும் தைக்கும் கையும் இங்கு ஒருவரிடத்தே இணைந்தன. இவ்விணைப்பே வீட்டுத் தையலின் வரலாற்று முக்கியத்துவமாகும்.

இவ்விடத்து இன்னோர் உண்மையையும் மறத்தலாகாது. வீட்டுப் பெண்ணுக்கு இச்சுதந்திரத்தை நல்கிய இயந்திரம் யாருடைய உழைப்பின் விளைவு? ஸ்கொத்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் 1885இல் இயங்கத் தொடங்கிய சிங்கர் தொழிற்சாலை உலகிலேயே மிகப் பெரிய தையல் இயந்திரத் தொழிற்சாலையாக வளர்ந்தது. 1911 மார்ச்சில், மரப்பெட்டிகளுக்கு மெருகூட்டும் பகுதியில் ஆட்குறைப்புச் செய்து எஞ்சியோரின் வேலைப்பளுவைக் கூட்டியபோது 12 பெண்கள் வேலையை நிறுத்தினர். சில நாட்களுள் ஏறக்குறைய 11,000 தொழிலாளர் அவர்களோடு சேர்ந்தனர். மூன்று வாரங்களின் பின் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. முன்னணியில் நின்றோர் பலர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். 1980இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. வீட்டிலே சுதந்திரத்தின் சாதனமாக விளங்கிய பொருள், அது உருவான இடத்தில் அடக்குமுறையின் சின்னமாயிருந்தமை இயந்திர யுகத்தின் முரண்பாடுகளுள் ஒன்றாகும்.

இயந்திர நாகரிகத்தைக் கடுமையாகக் கண்டித்த காந்தியடிகள், 1924இல் நிகழ்ந்த உரையாடலொன்றிலே தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. மனைவி கையால் தைத்து அல்லலுறுவதைக் கண்டு அவள்மீது கொண்ட அன்பினாலேயே சிங்கர் அதனைக் கண்டுபிடித்தார் என அவர் கருதினார். வரலாறு அக்கதையை ஆதரிக்கவில்லை. பொஸ்ரன் நகரப் பட்டறையொன்றிலே பழுதுபார்க்க வந்த இயந்திரத்தைக் கண்டு, இலாபத்தை எதிர்நோக்கியே சிங்கர் அதனைத் திருத்தியமைத்தார். அவரது இல்வாழ்வும் அன்புக்கு எடுத்துக்காட்டாக அமைந்ததன்று. எனினும், காந்தியடிகளின் பாகுபாட்டில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. மனிதனைத் தனக்கு உறுப்பாக்கிக்கொள்ளும் இயந்திரம் வேறு, மனிதனின் கைக்கு உறுப்பாகும் இயந்திரம் வேறு. வீட்டிலுள்ள தையல் இயந்திரம் பின்னதைச் சேர்ந்தது. அதே இயந்திரம் ஆடைத் தொழிற்சாலையின் வரிசையில் நிறுத்தப்படும்போது முன்னதாகிவிடுகிறது.

தையலுக்குத் துணியும் வெட்டும் வேண்டும். பின்னலுக்கு இரண்டு ஊசிகளும் நூலும் போதும். ஆடையின் துணியும் வடிவமும் ஒரே செயலிற் பிறத்தல் பின்னலின் தனித்தன்மையாகும். இங்கும் அரசும் வணிகமும் தலையிடாமலில்லை. 1571இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டமொன்று, உயர்குடியினர் முதலான சிலர் நீங்கலாக ஆறு வயதுக்கு மேற்பட்டோர், ஞாயிறு தினங்களில் உள்நாட்டிற் பின்னிய கம்பளித் தொப்பியை அணியவேண்டுமெனக் கட்டளையிட்டது. தொப்பி பின்னுவோரின் தொழிலைக் காப்பதே அதன் நோக்கம். மக்கள் விரும்பாத பாணியைச் சட்டத்தால் நிலைநிறுத்த இயலவில்லை. 1597இல் அது நீக்கப்பட்டது. இதற்கிடையில் 1589இல் வில்லியம் லீ என்பார் காலுறை பின்னும் பொறியை உருவாக்கினார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் பிழைப்பிழப்பர் என்று கூறி முதலாம் எலிசபெத் அரசி அவருக்கு உரிமம் மறுத்தார் என்பது மரபுவழிச் செய்தி.

பின்னற்கலையின் சிறப்புக்கும் பின்னுவோரின் சிறுமைக்கும் ஒருங்கே சான்றாக நிற்பவை ஸ்கொத்லாந்தின் வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளாகும். அத்தீவுப் பெண்கள் நூற்ற நூல் சிலந்தி இழையை ஒத்தது. அவர்கள் பின்னிய சால்வைகள் இலண்டன் உயர்குடி மகளிரின் தோள்களை அலங்கரித்தன. ஆனால் அவர்களுக்குக் காசு கிடைப்பது அரிது. வணிகர்கள் பின்னற் பொருளைப் பெற்றுக்கொண்டு தேயிலையும் துணியும் போன்ற பண்டங்களையே மாற்றாகக் கொடுத்தனர். மாவுக்கு வழியற்ற பெண், பெற்ற தேயிலையை அயலாரிடம் கொடுத்து மாவு வாங்க வேண்டியிருந்தது. இம்முறை பற்றி அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை 1872இல் வெளிவந்தது. வரலாற்றிலே குரலற்றிருந்த பின்னற்பெண்கள் தமது விலையையும் கடனையும் பசியையும் தமது வாயாலேயே எடுத்துரைத்த சாட்சியங்கள் அதிலே அடங்கியுள்ளன. அழகை ஆக்கியவர்கள் அதன் விலையைத் தீர்மானிக்கும் உரிமையற்றிருந்தனர்.

அத்தீவுகளுள் ஒன்றான பெயர் ஐலிலே, ஒரு வரிசையில் இரு நிறங்களைக் கையாண்டு பின்னப்பட்ட கம்பளிச் சட்டை 1922இல் உலகப்புகழ் பெற்றது. வேல்ஸ் இளவரசர் அதனை அணிந்து சென்ற் அன்ட்றூஸ் கொல்ப் மைதானத்தில் தோன்றியமையே காரணம். மீனவரின் உடை இளவரசரின் உடையாகி, அங்கிருந்து நடுத்தர வகுப்பினரிடம் பரவிற்று. சிமெலின் விதிக்கு மாறாகப் பாணி இங்குக் கீழிருந்து மேலே சென்று, பின்னர் பரந்தமை நோக்கத்தக்கது.

இதனோடு ஒட்டிய ஐதிகமொன்றும் ஆராய்தற்குரியது. 1588இல் அத்தீவருகே உடைந்த ஸ்பானியக் கப்பலொன்றிலிருந்து கரையேறிய மாலுமிகளே அக்கோலங்களைத் தீவாருக்குக் கற்பித்தனர் என்று கூறுவர். கப்பல் உடைந்தது உண்மை, கற்பித்தமைக்கு ஆதாரமில்லை. அவ்வாறே அயர்லாந்தின் அரன் தீவுக் கம்பளிச் சட்டையின் கோலங்கள் மிகப் பழையன, குடிவழிக்கு ஒன்றாக அமைந்தன, கடலில் மாண்டோரை இனங்காண உதவின என்றெல்லாம் கூறப்படுகிறது. சிங்கின் 1904ஆம் ஆண்டு நாடகமொன்றில் இறந்தவன் அவனது காலுறையின் பின்னற் கண்ணிகளால் இனங்காணப்படும் காட்சி இந்நம்பிக்கைக்கு உரமூட்டிற்று. ஆனால் அச்சட்டை இன்றுள்ள வடிவிலே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் தோன்றியது என்பதை, 1987இல் கைப்பின்னலின் வரலாற்றை எழுதிய ரிச்சட் றற் போன்ற ஆய்வாளர் காட்டியுள்ளனர். இவ்விரு கதைகளும் ஒரு பொதுத்தன்மை உடையன. தம் கண்முன் வாழும் பெண்களின் ஆக்கத்திறனை ஒப்புக்கொள்ளத் தயங்கிய மனம், அதனைக் கடலில் வந்த அந்நியருக்கோ நினைவுக்கெட்டாத பழமைக்கோ உரித்தாக்கிற்று. பெண்ணொருத்தி தானே சிந்தித்து, தனக்குப் பிடித்தவாறு கோலத்தை மாற்றினாள் என்ற எளிய விளக்கம் எவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் உலகப்போர் வீட்டுத் தையலின் வரலாற்றில் புதிய அத்தியாயத்தைத் திறந்தது. பிரித்தானியாவில் 1941 யூன் 1இல் உடைப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள் வழங்கப்பட்டன. பின்னர் அத்தொகை குறைந்துகொண்டே சென்றது. பெண்ணின் கம்பளி உடையொன்றுக்கு 11, பருத்தி உடைக்கு 7, இரண்டு அவுன்ஸ் பின்னல் நூலுக்கு 1 எனக் கூப்பன்கள் கணக்கிடப்பட்டன. சட்டைப்பைகளின் தொகை, பொத்தான்களின் தொகை, மடிப்புகளின் அளவு என்பனவும் கட்டுப்படுத்தப்பட்டன. 1943இல் வணிகச் சபை, உள்ளதைக் கொண்டு சமாளித்துப் பழுதுபார்த்து உடுத்தும் வழிகளைக் கூறும் கையேட்டை வெளியிட்டது. போருக்குச் சென்ற கணவனின் காற்சட்டை மனைவியின் பாவாடையாகவும், தேய்ந்த இரு உடைகள் ஓர் உடையாகவும் மாறின. பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து, நூலைக் கழுவி உலர்த்தி, மீண்டும் பின்னுவதற்குக் கூப்பன் வேண்டியிருக்கவில்லை. கூப்பன் வாழ்வை அறிந்தோர்க்கு இதன் பொருள் எளிதிற் புலப்படும்.

பற்றாக்குறை சுவையைக் கொன்றுவிடும் என எதிர்பார்த்தல் இயல்பு. நிகழ்ந்தது வேறு. இரு நிற நூல் மிச்சங்களைக் கோடுகளாகப் பின்னுவதும், தேய்ந்த முழங்கையை வேறு நிறத் துணியால் மறைப்பதும் தேவையிற் பிறந்து அழகாகப் போற்றப்பட்டன. 1947 பெப்ரவரி 12இல் பாரிஸில் கிறிஸ்ரியன் டியோர் தமது புதிய ஆடைவரிசையைக் காட்டினார். சிறுத்த இடையும் பல கெசத் துணியை விழுங்கும் அகன்ற பாவாடையும் அதன் இயல்புகள். பங்கீடு நீங்காத பிரித்தானியாவில் அமைச்சர் ஸ்ராபோட் கிறிப்ஸ் இதனை வீண்விரயமென எதிர்த்தார். பெண்களோ பழைய பாவாடையின் அடியில் வேறு துணிப்பட்டியை இணைத்து அதனை நீட்டிக்கொண்டனர். பாரிஸின் கட்டளைக்குப் பணிந்தனர் என்று இதனைக் கூறுதல் ஒருபாதி உண்மையே. முந்திய ஆண்டுகளில் எத்தனை பொத்தான் வேண்டும் எனக் கூறிவந்த அரசின் கட்டளையை மீறினர் என்பது மறுபாதி. உடைப் பங்கீடு 1949 மார்ச்சில் முடிவுற்றது.

போருக்குப் பின்னர் ஆயத்த ஆடை மலிந்தது. வீட்டில் தைத்தல் சிக்கனமாயிருந்த நிலை மாறி, சிலவேளை வாங்குவதிலும் செலவு மிகுந்ததாயிற்று. பொருளாதாரக் காரணம் நீங்கிய பின்னும் பலர் ஊசியைக் கைவிடாமையே இங்கு விளக்கம் வேண்டுவது. இவ்வகையில் எலிசபெத் சிம்மர்மன் அவர்களின் பணி குறிப்பிடத்தக்கது. 1910இல் இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வாழ்ந்த இவர், தாம் வட்டமாகப் பின்னி அனுப்பிய சட்டையின் செய்முறையைப் பதிப்பாசிரியர் தட்டைத் துண்டுகளாகப் பின்னும் முறைக்கு மாற்றி வெளியிட்டமையால் மனம் நொந்து, 1958இல் சொந்தச் செய்திமடலைத் தொடங்கினார். 1971இல் அவரது முதல் நூல் வெளிவந்தது.

சிம்மர்மன் கற்பித்தது மாதிரியன்று, முறை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது எனப் பின்னுபவர் தம் கையால் ஒரு துண்டு பின்னி அளந்தறிய வேண்டும். அது 5 ஆயின், 40 அங்குலச் சுற்றளவுள்ள உடற்பகுதிக்கு 200 கண்ணிகள் வேண்டும். அந்த ஓர் எண்ணிலிருந்தே ஏனையவை பிறக்கும். மணிக்கட்டுக்கு அதில் ஐந்திலொன்று, அதாவது 40; மேற்கைக்கு ஏறக்குறைய மூன்றிலொன்று; கழுத்துக்கு ஐந்தில் இரண்டு, அதாவது 80. இக்கணக்கை அறிந்தவர்க்கு எவருடைய செய்முறைத்தாளும் வேண்டியதில்லை. எந்த நூலிலும் எந்த உடலுக்கும் எந்தக் கோலத்திலும் அவர் பின்னலாம். பட்டரிக்கின் கடதாசி தையற்காரரின் இரகசியத்தின் விளைவை வீட்டுக்குத் தந்தது. சிம்மர்மனின் கணக்கு அந்த இரகசியத்தையே தந்தது. அவர் எதனையும் தாம் புதிதாகக் கண்டுபிடித்ததாகக் கூறிக்கொள்ளவில்லை. முன்னர் எங்கோ எவரோ ஒரு பெண் அறிந்திருந்ததைத் தாம் மீட்டெடுத்ததாகவே கூறி, அதற்கெனச் சொல்லொன்றையும் ஆக்கினார். பெயரற்றுப் போன முன்னோருக்கு அளிக்கப்பட்ட மரியாதையாக இதனைக் கொள்ளலாம்.

அரசியல் எல்லைகளையும் இவ்வார்வம் கடந்தது. ஜேர்மனியின் ஒபன்பேர்க் நகரில் ஏன்ன பூர்டா 1950இல் தொடங்கிய ஆடை இதழ், வெட்டு மாதிரித் தாள்களுடன் பல நாடுகளுக்குச் சென்றது. 1987இல் சோவியத் ஒன்றியத்தில் அதன் ருசிய மொழிப் பதிப்பு வெளிவந்தபோது, அங்கு அவ்வாறு வெளியிடப்பட்ட முதல் மேற்கத்திய இதழாக அது விளங்கிற்று. கடையில் ஒரே வகை உடையே கிடைத்த சமூகத்தில், வேறொன்றை உடுக்க விரும்பியோருக்கு ஊசியும் மாதிரித்தாளும் வழியாயின. கடைகளில் எல்லாம் மலிந்த அமெரிக்காவிலும் எதுவும் அரிதான மொஸ்கோவிலும் மக்கள் ஒரே காரணத்துக்காகவே தைத்தனர்: தமக்குப் பிடித்தது கடையில் இல்லை.

இவ்வரலாறு இலங்கை வாசகருக்குத் தொலைதூரச் செய்தியன்று. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைக்கப்பட்டது. 1980களின் பிற்பகுதிக்குள் ஆடை ஏற்றுமதி தேயிலையை விஞ்சிய வருவாயை ஈட்டலாயிற்று. கிராமங்களிலிருந்து சென்ற இளம்பெண்களே அத்தொழிலின் முதுகெலும்பாயினர். முழுச்சட்டையைத் தைப்பதற்கு அங்கு இடமில்லை. ஒருத்தி நாள்முழுவதும் கழுத்துப்பட்டியையும் இன்னொருத்தி நாள்முழுவதும் கையையும் தைக்கிறாள். அவள் தைக்கும் ஆடையின் நிறத்தையோ வடிவையோ தெரிந்தவர் கடலுக்கு அப்பாலுள்ளார். அதனை உடுப்பவரும் அப்பாலுள்ளார். தேரும் மனமும் தைக்கும் கையும் இத்துணை தூரம் பிரிந்த காலம் முன்னர் இருந்ததில்லை. அதே பெண் விடுமுறைக்கு வீடு சென்று, தங்கையின் அளவை எடுத்து, சந்தையில் தானே தெரிந்த துணியில் ஒரு சட்டை வெட்டுவாளாயின், அவ்வேளை அவள் செய்வது வேறொரு செயல். கை அதே கை. இயந்திரமும் ஏறக்குறைய அதே இயந்திரம். வேறுபாடு எதைத் தைப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையில் உள்ளது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படும். ஆடைச் சுவை வகுப்பு நிலையின் நிழல் மட்டுமன்று. மேலிருந்து வழிவதும் மட்டுமன்று. சட்டமும் சந்தையும் போரும் அதனை வரையறுத்தன. ஆனால் எக்காலத்திலும் அவை அதனை முற்றாக அடக்கியதில்லை. இயந்திரமும் கடதாசி மாதிரியும் தேர்வையும் ஆக்கத்தையும் ஒருகாலத்தில் ஒன்றிணைத்தன. பேருற்பத்தி மீண்டும் அவற்றைப் பிரித்தது. வீட்டிலே தைப்போரும் பின்னுவோரும் அப்பிரிவைத் தம்மளவில் மறுத்து நிற்கின்றனர். அவர்தம் சுவையை ஆராயப் புகும் வரலாற்றாசிரியர் அரண்மனை ஆவணங்களை விட்டு, மடித்து வைத்த கடதாசி மாதிரிகளையும் ஓரத்தில் எழுதிய கணக்குகளையும் பொத்தான் டப்பாக்களையும் தேட வேண்டும். ஈழத்து வீடுகளின் அலுமாரிகளிலும் அத்தகைய சான்றுகள் இருந்தன. போரினாலும் இடப்பெயர்வினாலும் அவற்றுட் பல அழிந்தன. எஞ்சியவற்றையாயினும் தொகுத்துப் பேணுதல் இந்நாட்டுச் சமூக வரலாற்று மாணவரை எதிர்நோக்கி நிற்கும் பணியாகும்.